கொழும்புத் தோட்டத்துப் பழமரங்களில் பங்கசு நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் ஆறு, எட்டு பேர்ச்சஸ் காணியில், வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு மா, ஒரு தேசி, இரண்டு பப்பாசி, ஒரு கொய்யா என்று வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. பங்கசு என்று இங்கே சொல்வதும் பூஞ்சணம், பூஞ்சை என்று மற்ற இடங்களில் சொல்வதும் ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் சோக்காகக் காய்க்கும் கறுத்தக்கொழும்பான் மா, கொழும்பில் பூவோடு கருகுவது ஏன்?

சாதியில் குறையில்லை, ஈரந்தான் காரணம். மாம்பூவைக் கருக்கும் அந்திரக்னோஸ் பங்கசின் வித்தி (பங்கசைப் பரப்பும் நுண்விதை) முளைத்து உள்ளே இறங்க, பூவோ இலையோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடாமல் நனைந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். மா பூக்கும் காலம் வரண்டு கிடக்கும். கொழும்புக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை. பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழை பூவிலும் பிஞ்சிலும் விழும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது காய் முற்றிக்கொண்டிருக்கும். இதற்கு மேல் நாலு பக்கமும் மதில். மாலை ஆறு மணிக்கு நனைந்த மரம் மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் காயும். மருந்துக்கடைக்குப் போகுமுன் மரத்தை விரைவாகக் காய வைக்க என்ன வழி என்று பாருங்கள். கீழே வரும் பதில்கள் சிலவற்றில் அது வரும்.

இது பங்கசுதானா என்று எப்படி அறிவது?

இதில் பிழை விட்டால் பிறகு செய்யும் எல்லாம் வீண். இலையில் கறுப்பு அல்லது கபிலப் புள்ளி, ஒழுங்கற்ற விளிம்பு, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து காய்ந்து ஓட்டையாவது, மழைக்குப் பிறகு கூடுவது: இவை பங்கசின் சாயல். வெள்ளை மா தூவியது போலிருந்து, விரலால் தேய்த்தால் போவது தூள் பூஞ்சணம்.

பங்கசு போலத் தோன்றி ஏமாற்றுபவை இவை. தேசி இலையின் இரு பக்கமும் தடித்து, சொரசொரப்பான மேடாகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் இருந்தால் அது கேங்கர், பற்றீரியா நோய். பங்கசு நாசினிகளில் செப்பு மருந்து மட்டும் அதைக் கொஞ்சம் தடுக்கும். இலைக்குள் வெள்ளிக் கோடு இழுக்கும் புழு போட்ட காயத்தால்தான் அது பெரும்பாலும் நுழையும், ஆகவே இளந்தளிரில் அந்தப் புழுவைக் கவனியுங்கள். பப்பாசியின் குருத்திலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுப் பட்டு, காயில் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது வைரசு. அதற்கு மருந்தே கிடையாது. அசுவினிப் பூச்சி அதை மற்ற மரத்துக்குக் காவிப் போகுமுன் மரத்தைப் பிடுங்கிவிட வேண்டும். கொய்யா, மா இலையின் மேல் செம்மஞ்சள் வெல்வெட் பொட்டுகள் ஒரு வகை அல்கா (பாசி). மரம் நெருக்கமாக, நிழலாக இருக்கிறது என்பதன் அடையாளம் அது.

கடற்கரை வீதிப் பக்க வீடுகளில் இன்னொன்று உண்டு. கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் விளிம்பிலிருந்து ஒரே சீராகக் கருகினால் அது உப்புக்காற்று.

அடிமரத்தில் சாம்பல், பச்சை நிறத்தில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறதே, சுரண்ட வேண்டுமா?

வேண்டாம். அது லைக்கன்; பட்டையின் மேல் இருந்துகொள்ளும், மரத்தை உறிஞ்சாது. சுரண்டினால் பட்டை காயப்பட்டு, இல்லாத நோய் வரும்.

மாம்பூ கருகாமல் இருக்க எப்போது, எதைத் தெளிப்பது?

பங்கசு நாசினியில் பெரும்பாலானவை தடுப்பு மருந்துகள். கருகிய பூவைத் திரும்பக் கொண்டுவர எதனாலும் முடியாது. ஆகவே நாட்கணக்கு முக்கியம்.

முதல் தெளிப்பு, பூங்கொத்து விரல் நீளம் வந்ததும், மொட்டு விரியுமுன். 50 வீத கொப்பர் ஒக்சிகுளோரைட் என்ற செப்பு மருந்துத் தூள் லீற்றருக்கு 3 கிராம். பூ விரிந்திருக்கும் நாட்களில் தெளிக்காதீர்கள். ஈயும் தேனீயும் வந்தால்தான் பிஞ்சு பிடிக்கும், செப்பு மருந்து விரிந்த பூவைச் சுடவும் கூடும். இரண்டாவது, பிஞ்சு பட்டாணி அளவில். மூன்றாவது, அதற்கு இரண்டு கிழமை கழித்து. இவ்விரண்டுக்கும் மாங்கோசெப் போன்ற தொடு நாசினி (உள்ளே ஊடுருவாமல் மேற்பரப்பில் நின்று தடுப்பது) போதும், அளவு லேபிளில் உள்ளபடி. இடையில் மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தால் காத்திருக்காமல் ஒரு தெளிப்பைக் கூட்டுங்கள்.

பத்தடி உயர மரத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் கலவை பிடிக்கும். இரண்டு லீற்றர்க் கைப்பம்பியோடு போராடினால் மேற்கொப்புக்கு மருந்து சேராது; நோயோ மேலிருந்துதான் மழைநீரோடு கீழே சொட்டுகிறது. தெளிக்கும் நேரம் காலை, பனி காய்ந்த பிறகு, எட்டிலிருந்து பத்துக்குள். சித்திரையில் பின்னேரம் தெளிப்பது மருந்தைக் கானுக்குள் ஊற்றுவதற்குச் சமம்.

பிஞ்சு முட்டை அளவு வந்ததும், கடைசித் தெளிப்பு காய்ந்த பின், கபிலக் கடதாசிப் பையால் மூடிக் கட்டுங்கள். பையின் அடி மூலை இரண்டிலும் பென்சில் பருமனில் ஓட்டை போடுங்கள், இல்லையேல் உள்ளே நீர் தங்கும். இது பழ ஈயையும் தடுக்கும். வீட்டு மரத்துக்கு இதைவிட மலிவான, நம்பகமான வழி வேறில்லை. பொலித்தீன் பை மட்டும் வேண்டாம். உள்ளே வியர்த்துக் காய் அழுகும்.

மரத்தில் பார்க்கும்போது காய் பளபளப்பாக இருந்தது. பழுக்க வைத்த மூன்றாம் நாள் கறுப்புப் புள்ளி. எங்கிருந்து வந்தது?

அது வீட்டில் வந்ததல்ல. பிஞ்சாக இருந்தபோதே பங்கசு தோலுக்குள் இறங்கி, காயில் உள்ள எதிர்ப்புச் சத்து குறையும்வரை அசையாமல் கிடந்தது. பழுக்கும்போது எழுந்திருக்கிறது. பறித்த பிறகு ஒரு வாய்ப்பு மிச்சமுண்டு: சுடுநீர்.

பறித்த அன்றே அல்லது மறுநாளே செய்யுங்கள். 52 பாகை செல்சியஸ் நீரில் 5 நிமிடம். கொதித்த நீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிச் சரிபாருங்கள். காயைப் போட்டதும் சூடு இறங்கும், ஆகவே 54 பாகையில் தொடங்கி, இறங்க இறங்கக் கொஞ்சம் சுடுநீர் சேர்த்துக் கிளறுங்கள். கை வைத்துப் பார்த்து மதிப்பிடுவது சரிவராது: 48 பாகையில் பங்கசு தப்பிவிடும், 58 பாகையில் தோல் வெந்துவிடும். எடுத்து நிழலில் ஆறவிட்டு, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள்.

காம்படியிலிருந்து கபில நிறமாக அழுகி இறங்குவது வேறு நோய். காம்பை ஒட்ட முறிக்காமல் ஒன்றிரண்டு சென்றிமீற்றர் விட்டு வெட்டினால் பெருமளவு குறையும். தடியால் அடித்து விழுத்திய காயில் எந்த வித்தையும் பலிக்காது.

இலையெல்லாம் கரி பூசியது போல் கறுப்பு. எந்தப் பங்கசு நாசினி நல்லது?

எதுவும் தேவையில்லை. கரும்பூஞ்சணம் இலையைத் தின்பதில்லை. செதில் பூச்சி, வெண்மூட்டுப்பூச்சி, வெண்ஈ, மாவில் தத்துப்பூச்சி ஆகியவை கழிக்கும் தேன்போன்ற பிசினின் மேல் வளர்கிறது. கறுத்த இலைக்கு நேர் மேலேயுள்ள இலையைப் புரட்டிப் பாருங்கள், குற்றவாளி அங்கேதான் இருக்கும். லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் திரவச் சவர்க்காரம், இலையின் அடிப்பக்கம் நனைய, ஏழு நாளுக்கு ஒருமுறை மூன்று தரம். எறும்பு அந்தப் பூச்சிகளைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். அடிமரத்தில் துணி சுற்றி அதன் மேல் கிறீஸ் பூசி வழியை அடையுங்கள். கிறீஸைப் பட்டையில் நேரே பூசாதீர்கள். மதிலைத் தொடும் கொப்பை வெட்டாவிட்டால் எறும்பு அந்த வழியால் வரும்.

படிந்த கரியை உரிக்கக் கஞ்சி நல்லது. கோதுமை மா 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் காய்ச்சி, ஆறவிட்டு, வடித்து, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்து செதிலாக உரியும்போது கரியையும் கொண்டு விழும். மேகமூட்டமான நாளில் செய்தால் கஞ்சியே பூஞ்சணம் பிடிக்கும்.

றம்புட்டான் பூவிலும் பிஞ்சிலும் வெள்ளைத் தூள். பிறகு கபிலமாகிக் கொட்டுகிறது.

தூள் பூஞ்சணம். இது மற்றவற்றுக்கு நேரெதிர்: இதற்கு இலை நனைய வேண்டியதில்லை. பகல் வரட்சி, இரவு ஈரக்காற்று, நெருக்கமான கொப்பு இருந்தால் போதும். பலத்த மழை இதைக் கழுவிக் குறைக்கும். 80 வீதக் கந்தகத் தூள் லீற்றருக்கு 2 முதல் 3 கிராம், பூங்கொத்து வெளிவந்ததும் ஒருமுறை, பிஞ்சு பிடித்ததும் ஒருமுறை, தேவையானால் பத்து நாளில் மறுபடி. வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நேரத்தில் கந்தகம் இலையைச் சுடும். கொழும்பில் வெயில் காலத்து மதியங்களில் அது நடக்கும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் கந்தகத்துக்கு இரண்டு கிழமை இடைவெளி விடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் வரும் மெல்லிய தளிரில்தான் இந்நோய் முதலில் குடியேறும்.

தேசி மரத்தின் அடியில் பிசின் வடிகிறது, இலை மஞ்சளாகிறது.

முதலில் நிமிர்ந்து கூரைப் பீலியைப் பாருங்கள். பீலித் தண்ணீர் மரத்தடியில் விழுகிறதா? அடிமரத்தைச் சுற்றிச் சீமெந்து போட்டு நீர் தேங்குகிறதா? மண்ணையோ தேங்காய் மட்டையையோ தண்டோடு அணைத்துக் குவித்திருக்கிறீர்களா? மூன்றில் ஒன்று இருக்கும். பைற்றோப்தோரா என்ற இந்த நோய்க்கிருமி நீரில் நீந்தி வேருக்குப் போகும். கண்டிப்பாகச் சொன்னால் இது உண்மையான பங்கசே அல்ல. அதனால்தான் தூள் பூஞ்சணத்துக்கு வாங்கிய மருந்து இதில் எடுபடுவதில்லை.

பீலி நீரைத் திருப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்கு மண்ணை விலக்கி, ஒட்டுக்கணு நிலத்துக்கு மேல் ஒரு சாணாவது தெரியும்படி செய்யுங்கள். கூரிய கத்தியால் கபிலமான பட்டையைச் செதுக்கி, நல்ல பட்டை தெரியும் வரை போய் ஒரு விரல் அகலம் கூடுதலாக எடுங்கள். இரண்டு நாள் காயவிட்டு, அடுத்துவரும் போர்டோப் பசையைப் பூசுங்கள். சுற்றளவில் பாதிக்கு மேல் அழுகியிருந்தால் மரம் தேறுவது அரிது. புதுக்கன்றை வேறிடத்தில் மேடு கட்டி வையுங்கள்.

பப்பாசிக்கும் இதே கதிதான், வேகம் மட்டும் கூட. இரண்டு நாள் வேரில் நீர் நின்றால் போதும். ஒன்றரை அடி மேட்டில் நடாத பப்பாசி, பருவமழைக் கொழும்பில் ஒரு சூதாட்டம்.

போர்டோக் கலவையை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். இலைக்குத் தெளிக்கும் 1 வீதக் கலவைக்கு: துரிசு (செப்புச் சல்பேற்று) 100 கிராம், நீறாத சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 10 லீற்றர். நீற்றிய சுண்ணாம்புத் தூளானால் 130 கிராம் எடுங்கள்.

பிளாஸ்ரிக் வாளிதான், இரும்பு வாளி கூடாது. துரிசு அதை அரிக்கும். ஒரு வாளியில் 5 லீற்றர் நீர், துரிசைத் துணியில் முடிந்து நீரின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டால் ஒரு மணி நேரத்தில் கரையும். மற்ற வாளியில் சுண்ணாம்பை முதலில் கொஞ்ச நீரில் நீற்றி (கொதிக்கும், முகத்தை விலக்குங்கள்), ஆறியதும் 5 லீற்றராக்கி வடியுங்கள். பிறகு துரிசு நீரைச் சுண்ணாம்பு நீருக்குள் மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். மாற்றி ஊற்றினால் கட்டியாகி அடியில் இறங்கி, பம்பியின் வாயை அடைக்கும். வான்நீல நிறம் வர வேண்டும். பளபளக்கும் இரும்பு ஆணியை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். செந்நிறம் படிந்தால் துரிசு மிகுதி, இலை கருகும். சுண்ணாம்பு நீர் சேர்த்து மறுபடி சோதியுங்கள். அன்றே தெளித்து முடிக்க வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் இலையில் ஒட்டாது.

வெட்டுக்காயத்துக்கும் தண்டுக்கும் பூசும் பசைக்கு அதே 100க்கு 100, தண்ணீர் மட்டும் 1 லீற்றர்.

பிரான்சின் போர்டோவில் மில்லார்தே இதை 1885இல் திராட்சைக்காக வெளியிட்டார். இலங்கைக் கோப்பியில் இலைத்துரு காணப்பட்டது 1869இல். இந்தக் கலவை இல்லாத அந்தப் பதினாறு வருடத்தில் கோப்பித் தோட்டங்கள் விழுந்து, மலையகம் தேயிலைக்கு மாறத் தொடங்கிவிட்டது.

அப்பச்சோடா, பால், மஞ்சள், வேப்பெண்ணெய்: இவை வேலை செய்யுமா?

அப்பச்சோடா லீற்றருக்கு 5 கிராமும் சில துளி சவர்க்காரமும், தூள் பூஞ்சணத்தின் தொடக்கத்தில் கொஞ்சம் பயன்தரும். ஒன்றுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த பாலும் அப்படித்தான். அந்திரக்னோஸுக்கு இரண்டையும் நம்பிக் காலத்தைக் கடத்தாதீர்கள். வேப்பெண்ணெய் பூச்சிக்கு நல்லது, அதன் வழியாகக் கரும்பூஞ்சணத்துக்கும். மஞ்சள் கறிக்கே இருக்கட்டும்.

தெளித்தும் மாறவில்லை. மருந்து போலியா?

போலியாக இருக்கலாம், ஆனால் வேறு காரணங்களை முதலில் பாருங்கள். பழைய புள்ளி மறையாது. புதுத்தளிர் சுத்தமாக வந்தால் மருந்து வேலை செய்கிறது. தெளித்துக் காயுமுன் மழை வந்திருந்தால் அது தெளித்த கணக்கில்லை. அடிப்பக்கம் நனையாவிட்டால் பாதி வேலைதான். மரத்துக்குள் ஊடுருவும் மருந்து ஒன்றையே வருடக்கணக்கில் மாறாமல் அடித்தால் பங்கசு அதற்குப் பழகிவிடும். அதைச் செப்பு, மாங்கோசெப் போன்ற தொடு நாசினியோடு மாற்றி மாற்றிப் பாவியுங்கள். நோய் கடுமை என்று அளவைக் கூட்டுவது இலையைத்தான் சுடும்.

எப்போது கொப்பு வெட்டுவது? விழுந்த இலையை என்ன செய்வது?

மாவுக்கு, கடைசிக் காய் பறித்த கையோடு. பிந்தினால் அடுத்த பூவுக்கான கொப்பு முற்றாது. நடுவில் வெளிச்சம் விழும்படி உள்நோக்கிய கொப்பு, காய்ந்த கொப்பு, மதிலில் உரசும் கொப்பு ஆகியவற்றை எடுங்கள். நோய்க்கொப்பைப் பட்ட இடத்துக்கு ஒரு சாண் கீழே, நல்ல மரத்தில் வெட்டுங்கள். மரத்துக்கு மரம் கத்தரியை 70 வீத அற்ககோலால் துடையுங்கள். மழைநாளில் வெட்டாதீர்கள்.

கறுத்த பூங்கொத்து, மரத்திலேயே காய்ந்து தொங்கும் பிஞ்சு, விழுந்த இலை எல்லாம் அடுத்த பருவத்தின் வித்திக் களஞ்சியம். வீட்டுக் கொம்போஸ்ட் பீப்பா அவற்றைக் கொல்லுமளவுக்குச் சூடாவதில்லை. ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள்.

பலா மூசு கறுத்து, பஞ்சு பிடித்து விழுகிறது. மருந்து?

ஆண்பூவானால் அதன் வேலை முடிந்தது, விழுவது இயல்பு. பூசணம் பிடித்ததைப் பொறுக்கி அகற்றினால் போதும்; பக்கத்துப் பிஞ்சில் தொற்றுவது குறையும்.

வாழை இலையில் கோடு கோடாகப் புள்ளி?

சிகற்றோக்கா என்ற இலைப்புள்ளி நோய். பாதிக்கு மேல் கருகிய இலையை வெட்டுங்கள். குலை வந்த மரத்தில் எட்டு இலையாவது மிஞ்ச வேண்டும். கீழிலையிலிருந்து மஞ்சளாகி, மடிந்து பாவாடை போல் தொங்கி, தண்டை வெட்டினால் செங்கபில வளையம் தெரிந்தால் அது பனாமா வாடல். கோழிக்கூட்டு வாழைக்கு இது யமன். கிழங்கோடு தோண்டி எடுத்து, அந்த மண்ணில் திரும்பவும் அதே வாழையை வைக்காதீர்கள். கிருமி மண்ணில் பல பத்து வருடம் கிடக்கும்.

அடிமரத்தில் நாய்க்குடை போலக் கடினமான காளான். கொப்புக் கவட்டில் இளஞ்சிவப்புப் படை. இரண்டும் ஒன்றா?

இல்லை. கவட்டில் இளஞ்சிவப்புப் படை ஈரவலயத்து நோய். படைக்குக் கீழே ஒரு அடி தள்ளி வெட்டி, வெட்டுவாயில் போர்டோப் பசை பூசினால் மரம் தப்பும். அடிமரக் காளான் அப்படியல்ல. வெளியே தெரியும்போது உள்ளே மரம் உக்கியிருக்கும். காளானை முறித்தெறிவதால் ஒன்றும் ஆகாது. மரம் வீட்டுப் பக்கமோ மின்கம்பிப் பக்கமோ சாய்ந்திருந்தால் வைகாசிக் காற்றுக்கு முன் அறிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பலா, ஈரப்பலா என்றால் நினைத்தவுடன் தறிக்க முடியாது: 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

தெளித்து எத்தனை நாளில் பழம் சாப்பிடலாம்? யாரிடம் கேட்கலாம்?

மருந்துக்கு மருந்து வேறுபடும்; லேபிளில் அறுவடைக்கு முன் விடவேண்டிய நாள் என்று இருக்கும், அதுவே முடிவு. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவான மருந்தை, முத்திரை உடையாத பைக்கற்றில் வாங்குங்கள். கடைக்காரர் பேப்பரில் மடித்துத் தரும் தூளுக்குப் பெயருமில்லை, அளவுமில்லை. நீண்ட கைச்சட்டை, கையுறை, முகமூடி போடுங்கள். காற்றுக்கு எதிரே நின்று தெளிக்காதீர்கள். கிணறு, மீன்தொட்டி, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பு எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். செப்பு மண்ணில் தங்கிச் சேரும், மீனைக் கொல்லும். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் 1920. நோய்ப்பட்ட இலையைக் காட்டும்போது முழுக்கக் காய்ந்ததைக் கொண்டுபோகாதீர்கள். பாதி நோயும் பாதி பச்சையுமாக உள்ளதை, ஈரமில்லாத கடதாசியில் சுற்றிக் கொடுத்தால்தான் அடையாளம் காணலாம்.

பக்கத்து வீட்டு மரம் முழுக்க நோய். நான் மட்டும் தெளித்து என்ன பயன்?

அந்திரக்னோஸ் வித்தி பெரும்பாலும் மழைத்துளியோடு தெறித்துப் போவது. அதே மரத்துக்குள்ளும், உரசி நிற்கும் மரத்துக்கும்தான் அதிகம் பரவும். இரு மரத்தின் கொப்புகளுக்கும் இடையில் ஆறேழு அடி வெளி விட்டால் உங்கள் வேலை வீணாகாது. தூள் பூஞ்சணம் காற்றில் வரும், மதில் அதைத் தடுக்காது. அதற்கு அவர்கள் மரமும் பூங்கொத்து விடும் கிழமையில் இரு வீட்டாரும் ஒரே நாளில் தெளிக்கப் பேசிக்கொள்ளுங்கள். பம்பியை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.